நான்காம் தொட்டியில் காய்ந்த நாவல்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதை எழுதினாலும் தாளின் வலது மேல்மூலையில் தேதி போட்டுவிடுவேன். மளிகைச் சீட்டுக்கும் போடுவேன். ஒருமுறை கோமதிக்கு (என் மனைவி, இந்தக் கட்டுரையில் நியாயம் முழுக்க அவள் பக்கம்தான் என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்) "சாவி மீட்டர் பெட்டிக்கு மேல் இருக்கிறது" என்று சீட்டு எழுதி வைத்தபோது தேதி, கிழமை, மணி மூன்றையும் போட்டிருந்தேன். அவள் அதைப் படித்துவிட்டு, "கலெக்டரு சாவி வெச்ச எடத்த அறிவிச்சிருக்காருங்க" என்றாள்.

பழக்கத்துக்குக் காரணம் என் வேலை. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலை. அதன் மாடியில், பறித்து வந்த பச்சை இலையை வாட்டும் பகுதிக்கு நான் மேற்பார்வையாளர். நீளமான தொட்டிகள் நான்கு. ஒவ்வொன்றின் அடியிலும் கம்பி வலை. வலைக்குக் கீழிருந்து பெரிய விசிறி காற்றை மேலே தள்ளும். இலை எத்தனை மணிக்கு வந்தது, எந்தத் தொட்டியில் பரப்பினோம், எவ்வளவு ஈரம், எப்போது வாடியது என்று பதிவேட்டில் எழுதுவதுதான் நாள் முழுக்க எனக்குப் பிழைப்பு.

மிச்ச நேரத்தில் நான் நாவலாசிரியன். அதாவது, பதினொரு வருடமாக ஒரே நாவலை எழுதிக்கொண்டிருந்தவன். தலைப்பு 'முகவரி இல்லாத மூடுபனி'. நிர்மல் என்ற கலைமனம் கொண்ட ஒருவன். அவனைப் புரிந்துகொள்ளாத மனைவி லோகநாயகி. பனிக்குள் நின்று பெருமூச்சு விடும் மிருணாளினி என்ற பெண். (சிரிக்க வேண்டாம். எழுதும்போது நான் அழுதிருக்கிறேன்.) மிருணாளினிக்காக வீட்டை விட்டுப் போகும் நிர்மல், கடைசியில் திரும்பி வந்து தன் வீட்டுக் கதவையே தட்டுகிறான். அதுதான் கதை.

அந்த வருடம் ஆடியில் ஒரு நாவல் போட்டி அறிவித்திருந்தார்கள். கையெழுத்துப் பிரதியும் ஏற்கப்படும். அதே சமயம் எங்கள் வீட்டில் ஒரு நிலப் பிரச்சினை. இரண்டு அறை வீட்டில் மேசை ஒன்றே ஒன்று, அதுவும் ஜன்னலோரம். மகள் நிவேதா பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தாள்.

"ஏனுங்க, இந்தத் தடவ அனுப்பீட்டீங்கன்னா மேசை உங்குளுக்கும் அவளுக்கும் பாதிப் பாதி," என்று கோமதி தீர்ப்புச் சொன்னாள். "சனிக்கெழம கடைசித் தேதிக்குள்ள தபால்ல போடுலீன்னா, மேசை முழுக்க அவளுக்குத்தான். நீங்க அரிசி டின்னு மேல வெச்சு எழுதிக்கோங்."

அரிசி டின்னைப் பார்த்தேன். என் முழங்காலுக்குக் கீழே இருந்தது. நடுவில் மிச்சமிருந்த அத்தியாயத்தை அந்த வாரமே முடித்தேன்.

கட்டி முடித்த பிரதியை நிவேதா புரட்டிப் பார்த்தாள். "அப்பா, பக்க நம்பர் போடலயே?"

"தேதி இருக்கிறதே கண்ணு."

"ஃபோன்லயாவது ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கலாம்ல?"

"காகிதத்துக்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை," என்றேன். எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் என்பதை அவள் இன்றும் நடித்துக் காட்டுவாள்.

சனிக்கிழமை. (சரியான தேதியைச் சொல்ல மாட்டேன். கோமதிக்கு நினைவிருக்கிறது, அது போதும்.) திட்டம் இதுதான்: காலை ஏழு மணிக்கு வேலை, மதியம் ஒன்று பத்துப் பேருந்தில் கோத்தகிரி, இரண்டரைக்குள் தபால் நிலையம். இரண்டரைக்கு மேல் அன்றைய தபால் வாங்க மாட்டார்கள்.

விடியற்காலைப் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வெளியே மழையோடு அப்படி ஒரு பனி. அடுத்த நாவலுக்கு ஆகுமே என்று, பையைக் காலடியில் வைத்துவிட்டு, ஜன்னல் தகட்டை உயர்த்தி, குறிப்பு எடுக்க ஆரம்பித்தேன். 'பனி, ஒரு தாயின் முந்தானை போல…' என்று மூன்று பக்கம். நான் உயர்த்திய தகட்டின் வழியே மழை உள்ளே வந்து, பின் இருக்கைக்காரர் என்னைத் திட்டி, திட்டியதையும் நான் கவனிக்காமல், தண்ணீர் கால்வாய் போல ஓடி என் பைக்குள் குடியேறியது. இறங்கும்போதுதான் பை ஏன் இவ்வளவு கனக்கிறது என்று யோசித்தேன்.

மாடிக்கு ஓடிப் பிரித்துப் பார்த்தேன். பந்துமுனைப் பேனா என்பதால் எழுத்து தப்பியிருந்தது. தாள்கள் மட்டும் ஊறிய அப்பளம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

ஒரு சாதாரண மனிதன் என்றால் கொடியில் போட்டிருப்பான். நான் இலை வாட்டுகிறவன். மூன்று தொட்டிகளில் முந்தின நாள் இலை இருந்தது, நான்காவது காலி. சாலையில் மரம் விழுந்திருந்ததால் புது இலை மதியத்துக்கு மேல்தான் வரும். கீழே உள்ள அடுப்பின் வெப்பக் காற்று, விசிறி போடாமலே, அந்தத் தொட்டிக்குள் மெதுவாக ஏறும். இலைக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் தாளுக்கு மூன்று மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். ஒவ்வொரு தாளாகப் பிரித்து, கம்பி வலை மேல் வரிசையாகப் பரப்பி, பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிடி இலையை வைத்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை என் படைப்பு. விளைநிலத்தைப் பார்க்கும் விவசாயியைப் போல இடுப்பில் கை வைத்து நின்றேன்.

அப்புறம் நான் செய்ததுதான் என் வாழ்க்கையிலேயே பெரிய முட்டாள்தனம். பதிவேட்டை எடுத்து, யோசிக்காமல், கை போன போக்கில் எழுதினேன்: 'தொட்டி 4. பரப்பியது: காலை 7.20. நிலை: மிகவும் ஈரம்.'

பதிவேடு வழக்கம் போல எட்டரைக்குக் கீழே டீமேக்கரின் மேசைக்குப் போனது. டீமேக்கர் என்றால் தேயிலைத் தயாரிப்புக்கு முழுப் பொறுப்பாளர். எங்கள் ரங்கசாமி சார் சொல்லாமல் தொழிற்சாலையில் ஒரு சக்கரமும் சுற்றாது. அவர் நான்காம் தொட்டி வரியைப் படித்தார். 'மிகவும் ஈரம்' என்பதைப் படித்தார். விசிறி போடவில்லை என்பதையும் பார்த்தார். "பாணி மறந்துட்டாரு போல" என்று அவரே எழுந்து போய், எதிர்ச் சுவரிலிருந்த சுவிட்சை முழு வேகத்துக்குத் திருப்பினார். (என் பெயர் தண்டபாணி. அங்கே எல்லாருக்கும் நான் பாணி.)

நான் அப்போது மாடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு உறுமல். பிறகு இலைப் பிடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் துள்ளின. அப்புறம் என் பதினொரு வருடமும் ஒன்றாக எழுந்து கூரையை நோக்கிப் போனது. தாள்கள் விட்டத்தில் மோதின, டியூப்லைட்டைச் சுற்றின, மிச்சத் தொட்டிகளின் இலை மேல் கொக்குக் கூட்டம் போல இறங்கின. வாடிய இலையைக் கீழே நசுக்கும் இயந்திரத்துக்குத் தள்ள, தரையில் ஒரு துவாரம் உண்டு. சில தாள்கள் எந்தத் தயக்கமும் இல்லாமல் நேராக அதற்குள் போயின.

"ஐயோ, தாளு உள்ள போகுதுங்க சார்!" என்று கத்திக்கொண்டே சரசக்கா மணியை அடித்தார். மாடியில் வேலை செய்யும் ஐந்து பெண்களுக்கும் அவர்தான் மூத்தவர். மணி அடித்தால் இயந்திரம் நிற்கும். நின்றது. தொழிற்சாலையே திடீரென்று அமைதியானது. அந்த அமைதியில் ஒரு தாள் ஆடி ஆடி வந்து என் தேநீர் டம்ளரின் மேல் உட்கார்ந்தது. 'மிருணாளினி பெருமூச்செறிந்தாள்' என்றிருந்தது அதில்.

ரங்கசாமி சார் படியேறி வந்தார். கோபத்தில் கத்துகிறவர் இல்லை. அவர் கண்ணாடியைத் துடைத்தால் நாம் தொலைந்தோம் என்று அர்த்தம். துடைத்தார்.

"பாணி, என்னுங்க இது?"

"நாவலுங்க சார்."

"இதையுங்களா 'மிகவும் ஈரம்'னு எழுதீருந்தீங்க?"

"ஈரமாத்தானுங்க சார் இருந்துச்சு."

மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். "தேயிலைக்குள்ள ஒரு துண்டுத் தாளு போனாலும் எனக்கு வேண்டாமுங்க. எல்லாத்தையும் பொறுக்குங்க. கீழ இருக்கறதையும் கொண்டாரச் சொல்றேன். ஒண்ணு கொறஞ்சாலும் மெசின் ஓடாது, நீங்களும் எங்கயும் போகக் கூடாது. சரி, மொத்தம் எத்தன தாளு?"

 எந்தத் தாள் எந்த நாள் எழுதியது என்று எனக்குத் தெரியும். எத்தனை தாள் என்று தெரியாது. பக்க எண் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

எல்லாம் பொறுக்கியாயிற்று. கீழே விழுந்தவையும், அதிர்ஷ்டவசமாக, இயந்திரத்தின் வாய்க்கு முன்னாலேயே, இலையைக் கொண்டுபோகும் பட்டையில் கிடைத்தன. இருநூற்று முப்பத்தொன்று. அதுதான் முழுசா என்று அறிய ஒரே வழிதான் இருந்தது: கதையின் வரிசைப்படி அடுக்கி, எங்காவது அறுந்திருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது. தேதிப்படி அடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். முடிவைத்தான் நான் முதல் வருடமே எழுதினேன். தொடக்கத்தை நான்கு தடவை எழுதினேன். நடுப்பகுதி, அரசாங்கச் சாலை போல, துண்டு துண்டாகக் கிடைத்த இடத்தில் போட்டது.

ஆக, ஒரு தொழிற்சாலை ஓடுவதற்காக, வேறு வழியே இல்லாமல், ஐந்து பேர் தரையில் உட்கார்ந்து என் நாவலைப் படித்தார்கள். வாசகர்கள் இப்படிக் கிடைப்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

முதல் சிக்கல் பனி. அறுபதுக்கு மேற்பட்ட தாள்களில் பனியைத் தவிர வேறெதுவும் இல்லை.

"இது எந்தப் பனிங்க சார்?" என்று சரசக்கா ஒரு தாளை நீட்டினார். "ஆளே காணோம்."

"அது மிருணாளினி வருவதற்கு முன்னால் வரும் பனி, அக்கா."

"இது?"

"அது… அவள் போன பிறகு."

"ரெண்டும் ஒரே மாதரத்தானுங்க இருக்குது. ஏ புள்ள செல்வி, மேல ஏர்ற பனி ஒரு பக்கம் வை, எறங்கற பனி ஒரு பக்கம் வை. சார் அப்பறமா எடம் சொல்லுவாரு."

செல்வி வேறொரு தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஏனுங்க சார், இந்தப் புள்ள மழையிலயே நிக்குதே, இதுக்குச் சளி புடிக்காதுங்களா?"

"எங்க வேலைக்குப் போகுதாமா?" இது இன்னொருத்தி.

பதினொரு வருடத்தில் மிருணாளினி என்ன வேலை செய்கிறாள் என்று நான் யோசித்ததே இல்லை. "தெரியவில்லை," என்றேன். எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

பதினொன்றரைக்குக் கோமதி வந்தாள். போட்டிக்கான கையொப்பமிட்ட படிவத்தை நான் வீட்டு மேசையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன், அதைக் கொடுக்க வந்தாள். அதன் மூலையில் தேதி போட்டிருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாடியைப் பார்த்தாள், தாள்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புடவையைச் செருகிக்கொண்டு சரசக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதுவரை அவளிடம் நாவலை நான் காட்டியதில்லை. ஏன் என்பது அடுத்த ஐந்து நிமிடத்தில் எல்லாருக்கும் விளங்கியது.

"'கேஸ் தீந்து மூணு நாளாச்சு, நீங்க ஆகாசத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க, என்றாள் லோகநாயகி'," என்று செல்வி உரக்கப் படித்தாள். படித்துவிட்டு மெதுவாகக் கோமதியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது நான் சொன்னதாச்சே," என்றாள் கோமதி.

"கற்பனைதான்…" என்று ஆரம்பித்தேன்.

"குடு கண்ணு இங்க." தாளை வாங்கி, எழுத்தை விட்டுவிட்டு, மூலையைப் பார்த்தாள். "இந்தத் தேதி நிவேதாவுக்குக் காச்சலு. அன்னிக்கு நீங்க மருந்து வாங்கப் போயிட்டு, கடையில கூட்டம்னு ரெண்டு மணி நேரங் கழிச்சு வந்தீங்க. நாலு பக்கம் எழுதீருக்கீங்க!"

அடுத்த தாள். "இது ஸ்கூல்ல பெத்தவங்க மீட்டிங். லீவு கெடைக்கலீன்னீங்க." அடுத்தது. "எந் தம்பி நிச்சயம். வயித்து வலின்னு ஊட்டுல படுத்திருந்தீங்க. வயித்து வலிக்கு ஏழு பக்கமுங்களா?"

பெண்கள் ஐவரும் வேலையை மறந்துவிட்டார்கள். ரங்கசாமி சார்கூட ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். உலகத்தில் எந்தப் புருஷனும் தன் பொய்களுக்கு இப்படித் தேதி போட்டு, கையெழுத்தில் ஆதாரம் தயாரித்து, வெயிலில் காய வைப்பது போலப் பரப்பி வைத்திருக்க மாட்டான். எனக்கு அந்தத் துவாரம் வழியாகக் கீழே குதித்துவிடலாமா என்றிருந்தது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். லோகநாயகி பேசும் பக்கங்களை அடுக்குவதில் மட்டும் யாருக்கும் சிரமமே இருக்கவில்லை. இதற்கு அடுத்து இதுதான் வரும் என்று கோமதி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "அவ இப்பிடித்தானுங்க மொதல்ல கேப்பா, அப்பறமா இப்பிடிக் கேப்பா." சரியாக இருந்தது. பனிப் பக்கங்கள்தான் கடைசிவரை அனாதையாகக் கிடந்தன.

பன்னிரண்டரைக்குக் கதை ஒரு வரிசைக்கு வந்தது. கடைசி அத்தியாயத்தைச் சரசக்கா படித்தார். நிர்மல் திரும்பி வருகிறான். கதவைத் தட்டுகிறான். "'கதவு திறந்தது. லோகநாயகி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாய் திறந்தாள்.'" அடுத்த தாளை எடுத்தார். "'அதைக் கேட்டு நிர்மல் நெடுநேரம் பேச்சற்று நின்றான்.'"

நிறுத்தினார். "எதக் கேட்டு?"

தாள்களைப் புரட்டினோம். மறுபடி புரட்டினோம். லோகநாயகி வாய் திறந்தாள். நிர்மல் பேச்சற்று நின்றான். நடுவில் அவள் சொன்னது இல்லை.

"போச்சு," என்றார் ரங்கசாமி சார். "ஒரு தாளு மிஸ்ஸிங்."

தேடல் தொடங்கியது. மூன்று தொட்டிகளின் இலையையும் கையால் அள்ளிப் பார்த்தோம். தொட்டிகளுக்கு அடியில் தவழ்ந்தோம். கீழே இயந்திரத்தின் மூடியைக் கழற்றச் சொன்னார்கள். மெக்கானிக் என்னை முறைத்துக்கொண்டே கழற்றினார். ஏணி போட்டு விட்டத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு பனிப் பக்கம் கிடைத்தது, அது இல்லை என்பதை யாரும் கவனித்திருக்கவேயில்லை. ஒன்று பத்துப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு கோத்தகிரிக்குப் போனதை ஏணியின் மேலிருந்தே கேட்டேன். கண் முன்னால் அரிசி டின் தெரிந்தது.

கோமதி மட்டும் தேடவில்லை. அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எறங்கி வாங்க. இந்த ரெண்டு தாளுலயும் ஒரே தேதி."

"சரி?"

"அன்னிக்குச் சிலிண்டர்க்காரரு வந்தாரு. நாந்தான் உங்களக் கூப்பிட்டேன், தூக்கி வைங்கன்னு. 'முக்கியமான எடத்துல இருக்கேன்'னு மொனகிக்கிட்டே எந்திரிச்சு வந்தீங்க. திரும்பப் போயி என்ன பண்ணீங்க?"

ஏணியின் நடுப்படியில் நின்றேன். நினைவு வந்தது. எவ்வளவு யோசித்தும் லோகநாயகி என்ன சொல்வாள் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. மனசு அமைதியாக இருக்கும் ஒரு நாளில் எழுதிக்கொள்ளலாம் என்று அதை விட்டுவிட்டு, அடுத்த வரியிலிருந்து புதுத் தாளில் தொடங்கினேன். அப்படி ஒரு நாள் வரவில்லை. பிறகு மறந்தே போனேன்.

"அந்தத் தாளை…" என்றேன், "நான் எழுதவே இல்லை."

இயந்திரம் நின்று நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. ரங்கசாமி சார் கண்ணாடியைத் துடைக்கவில்லை. கழற்றிப் பையிலேயே வைத்துக்கொண்டார். அதற்கு மேல் ஒரு கட்டம் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"பாணி," என்றார் மெதுவாக. "பதிவேட்டுல ஒரு வெள்ளத் தாளக் கிழிங்க. உக்காருங்க. எழுதுங்க. அவ என்னதான் சொன்னான்னு தெரியாம நான் மெசினப் போட மாட்டேன்."

உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை.

"வெளக்குமாத்த எடுத்தான்னு எழுதுங்க சார்," என்றார் சரசக்கா.

"'எதுக்கு வந்தே?'ன்னு கேக்கோணும்," என்றாள் செல்வி.

"கதவச் சாத்தீறோணும்," என்றார் ரங்கசாமி சார், எதிர்பாராத ஆவேசத்தோடு.

கோமதி தாள்களைத் தட்டி விளிம்பு சரி செய்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "அதெல்லாம் சொல்ல மாட்டா. 'செருப்ப வெளிய உட்டுட்டு வாங்க, இப்பத்தான் ஊடு கூட்டுனேன்'ம்பா."

நானும், நிர்மலைப் போலவே, நெடுநேரம் பேச்சற்று நின்றிருப்பேன். (உட்கார்ந்திருந்தேன்.) அதை அப்படியே எழுதினேன். ஆறு வரிதான் வந்தது. மூலையில் தேதி போடப் போனபோது கோமதி என் கையைப் பிடித்து, "மொதல்ல நம்பரப் போடுங்க" என்றாள்.

இலை ஏற்றிவரக் கோத்தகிரிப் பக்கம் போகும் பிக்கப்பில் எங்கள் இருவரையும் ஏற்றிவிட்டார் ரங்கசாமி சார். பின்னால் இயந்திரம் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. கோமதி தாள் கட்டை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். "இத நான் புடிச்சுக்கறேன். நீங்க வேணும்னா பனியப் பாருங்க," என்றாள். நான் பார்க்கவில்லை. வழி முழுக்க அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தர, தாள்களுக்கு எண் போட்டுக்கொண்டே போனேன். இரண்டு இருபத்தாறுக்குத் தபால் நிலையக் கவுண்டரில் நின்றோம். அங்கிருந்தவர் உறையை முகர்ந்து பார்த்து, "தேயிலை சேம்பிளுங்களா?" என்றார்.

அதனால் மேசையில் பாதி எனக்குத் தப்பியது. தொழிற்சாலை மாடியில், 'தொட்டிகளில் இலை தவிர வேறு எதையும் பரப்பக் கூடாது' என்று ஒரு பலகை தொங்குகிறது. அதற்குக் கீழே தேதி இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். இரண்டாவது நாவலை ஆரம்பித்திருக்கிறேன். எழுதுவதற்கு முன்னாலேயே கோமதி ஒரு கட்டு வெள்ளைத் தாளில் ஒன்றிலிருந்து இருநூறு வரை எண் போட்டுக் கொடுத்துவிட்டாள். சாப்பிடும்போது திடீரென்று, "முப்பத்திநாலு எங்க?" என்று கேட்பாள். மிருணாளினியைப் போன்ற பெண் யாரும் இதில் இல்லை. இருக்கிற பெண்ணுக்கு வேலை இருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும், கத்தரிக்கோலோ, நிவேதாவின் ஜியாமெட்ரி பாக்ஸோ, என் இடது கால் சாக்ஸோ, தேடுகிறவரைப் பார்த்து மற்ற இருவரும் ஒரே குரலில் கேட்பார்கள்: "மொதல்ல அது இருந்துச்சா?"

போட்டியின் முடிவு தை மாதத்தில் வந்தது. பரிசு பெற்றவர்கள், பாராட்டுப் பெற்றவர்கள், இறுதிச் சுற்று வரை வந்தவர்கள் என்று ஒரு முழுப் பக்கப் பட்டியல். ஜன்னலோரம் என் பாதி மேசையில் விரித்து, மேலிருந்து கீழாக ஒருமுறை தேடினேன். கீழிருந்து மேலாக ஒருமுறை. பிறகு விரலை வைத்து ஒவ்வொரு வரியாக மூன்றாம் முறை.

மேசையின் மறுபாதியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நிவேதா தலையைத் தூக்கவில்லை. "என்னப்பா தேடறீங்க?"

"என் பெயரை."

சமையலறையிலிருந்து கோமதியின் குரல் வந்தது. "ஏனுங்க… மொதல்ல அது இருந்துச்சுங்களா?"